எதிர்க்கரைத் தூண்

கொடியக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு பெரிய அதிகாரியின் காரை மறித்துக்கொண்டு நின்றார்.

"கட்டையை வாங்கிக்கிட்டா போகலாம். இல்லன்னா ஓரமா நிறுத்துங்க, பின்னாடி பால்வண்டிக்காரர் வாங்கிப்பார்."

காரோட்டி தலையை வெளியே நீட்டினார். "உள்ள யார் இருக்காங்கன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது, பாலத்துக்குத் தெரியாதே."

பின்கண்ணாடி மெல்ல இறங்கியது. மோதிரம் போட்ட ஒரு கை நீண்டு கட்டையை வாங்கிக்கொண்டது. கார் ஏறியது. பாலம் தன் வழக்கப்படி முனகியது.

அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். மேற்கு முனையில் சாலை சாய்வாகத் திரும்பிவிடுவதால் ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. அதனால் இரண்டு முனையிலும் கொடியோடு ஒரு ஆள். ஒரு கூட்டம் வண்டிகளை அனுப்பும்போது கடைசி வண்டியிடம் சிவப்புச் சாயம் அடித்த ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிடுவார்கள். கட்டை மறுகரை போய்ச் சேர்ந்தால் பாலம் காலி என்று அர்த்தம். பிறகு அந்தக் கரை வண்டிகள் புறப்படும், கட்டை திரும்பி வரும். முன்பெல்லாம் அது கையடக்கமாக இருந்ததாம். ஒரு ரொட்டி வண்டிக்காரர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஊர்வரை போய்விட, இரண்டு கரையும் ஸ்தம்பித்துவிட்டது. அக்கா தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி ஒரு சைக்கிள்காரரிடம் கொடுத்தனுப்பி, அன்று மாலைவரை செருப்பையே கட்டையாக ஓட்டினாராம். அதற்குப் பிறகுதான் கட்டை முழங்கை நீளத்துக்கு வளர்ந்தது.

கட்டையோடு சேதியும் போகும். கிழக்கு முனையில் அக்கா, மேற்கு முனையில் அவர் 'எதிர்க்கரை அண்ணன்' என்று சொல்லும் ஒரு நெடிய மனிதர். காலையில் கையெழுத்துப் போடும் அலுவலகம் மேற்குக் கரையில் இருப்பதால் அக்கா தினமும் பாலத்தை நடந்து கடந்து, கையெழுத்துப் போட்டு, கொடியை எடுத்துக்கொண்டு திரும்ப நடப்பார். அப்போது இருவரும் பார்த்துக்கொள்வதோடு சரி. மீதிப் பேச்செல்லாம் வண்டிக்காரர்கள் வாய் வழியாகத்தான்.

"அக்கா, அண்ணன் சொன்னார். உங்க பழைய இரும்பு இன்னிக்கு ரொம்ப இருமுதாம்."

"புது இரும்புன்னாலே கொஞ்சம் பேசும்னு சொல்லு."

பழைய இரும்பா, புது இரும்பா. இரண்டு கரைக்கும் நடுவில் ஆற்றைவிட அகலமாகக் கிடந்த சண்டை அதுதான். பாலம் இந்த ஆற்றுக்கென்றே புதிதாகச் செய்யப்பட்டது, எங்கள் அப்பன்மார்கள் செய்தார்கள் என்பது கிழக்குக் கரைக் கட்சி. எங்கிருந்தோ கழற்றிக் கொண்டுவந்த பழைய சாமான், எங்கள் அப்பன்மார்கள் கண்ணால் பார்த்தார்கள் என்பது மேற்குக் கரைக் கட்சி. கிழக்கு முகப்பில் ஒரு வார்ப்புத் தகடு இருக்கிறது. அதில் உள்ள வருடம் பாலம் இங்கே நிறுத்தப்பட்ட காலத்துக்கு ஒரு தலைமுறை முந்தியது. "அந்த வருஷத்துல உங்க அப்பாவே பிறக்கலியே" என்று மேற்கு சிரிக்கும். "அது இரும்பு காய்ச்சின வருஷம், பாலத்தோட வருஷம் இல்ல" என்று கிழக்கு முறைக்கும்.

இந்தச் சண்டைக்குள் நான் வந்து விழுந்த கதை இது. கொஞ்சம் கீழே புதுக் கான்கிரீட் பாலம் முடியும் தறுவாயில் இருந்தது. இரும்புப் பாலத்தை நடந்து போகிறவர்களுக்கென்று விட்டுவைக்க முடிவாயிற்று. அதன் வரலாற்றை எழுதி ஒரு பலகை வைக்க வேண்டும். என்ன எழுதுவது என்பதில் இரண்டு கரை மன்றங்களும் மல்லுக்கு நின்றன. எங்கள் நெடுஞ்சாலை அலுவலகத்தில் பழைய கோப்பு ஒன்றும் இல்லை, ஒரு வெள்ளத்தில் அந்த அறையே போயிருந்தது. பிரிவுப் பொறியாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நீ புதுசு. ரெண்டு கரையிலயும் உனக்குச் சொந்தக்காரங்க கிடையாது. போய்ப் பாலத்தையே கேட்டுட்டு வந்து எழுது."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. என் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து சேர்வதற்காக எங்கள் கிராமத்து வீட்டில் எத்தனை பேர் வாயைக் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். என் பெயரில் போகப்போகும் முதல் அறிக்கை என்பதால் அன்றே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பாலம் கட்டப் போறியாப்பா?"

"இல்லப்பா. கட்டின பாலம் எங்கேருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்கப் போறேன்."

"அதை அங்க இருக்கிறவங்களையே கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"அவங்க சொல்றதுதான்ப்பா பிரச்சினையே."

"அப்ப சரி. படிச்சவன் வேலைதான்" என்றார். அவர் குரல் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கேட்டேன்.

அக்காவோடு பழக்கமானது பாலத்தடியில் அளவெடுத்த நாட்களில். கொடி பிடிக்க வருமுன் தார்ச்சாலை போடும் கூட்டத்தில் ஜல்லி சுமந்தவர். அங்கே ரோலர் ஓட்டியவரைத்தான் கட்டிக்கொண்டார். "அவர் வண்டி ஆமை வேகம். அதான் தப்பிக்க முடியல" என்பார். யார் தப்பிக்க முடியவில்லை என்பதை விளக்க மாட்டார். ஓய்வு பெற்றுவிட்ட அந்த மனிதர் தினமும் மதியம் சைக்கிளில் அடுக்குப் பாத்திரத்தோடு வந்துவிடுவார். கிழக்குக் கரைக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு வீட்டுச் சாப்பாடாக இருக்க வேண்டும், அதுவும் சூடாக. பாலத்தையே விட்டுக்கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மூத்த மகள் நர்ஸ். இளையவள் அதே வழித்தடத்தில் பேருந்து ஓட்டுகிறாள். ஒருநாள் அவள் வரிசையை முந்திக்கொண்டு வந்து, "அம்மா, நேரமாச்சும்மா, விடும்மா" என்று ஜன்னலில் கெஞ்சினாள்.

"இங்க யாரும் உனக்கு அம்மா இல்ல. பின்னாடி போய் நில்லு."

பேருந்து முழுக்கச் சிரித்தது. மகளும் சிரித்துக்கொண்டே பின்னுக்கு எடுத்தாள். ஆம்புலன்ஸ் ஒன்றுக்குத்தான் அக்காவின் சட்டம் வளையும். தூரத்தில் சத்தம் கேட்டவுடனே பாலத்தைக் காலியாக்கி, எதிர்க்கரைக்கு விசில் கொடுத்து, கொடியைத் தாழ்த்தி நிற்பார். அந்த விசிலுக்கு மட்டும் எதிர்க்கரை அண்ணன் மறுபேச்சுப் பேசியதில்லை.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் கவனித்தேன். காலையில் மேற்கு முனையை எட்டும்போது, கடைசித் தூணை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும்.

"என்னக்கா அது?"

"எங்கப்பா பழக்கம். சைக்கிள்ல முன்னாடி என்னை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போவார். அந்தத் தூண் வந்தா ஒரு கையை எடுத்துத் தட்டுவார். ஏன்னு கேட்டா, 'உனக்கு என்ன, பேசாம பிடிச்சுக்கிட்டு உட்காரு'ம்பார். அவர் போனப்புறம் கை தானா போகுது."

அவர் அப்பா பாலத்தில் ரிவெட் அடித்தவர். இரும்புத் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பழுக்கக் காய்ச்சிய ஆணிகள் அவை. "இந்தப் பாலத்துக்குத் துளை போட்டது நான்" என்பது அவர் வாயில் ஓயாத வாக்கியம். மேற்குக் கரையில் அதைச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் இறந்த வீட்டுக்கு வந்த ஒருவரே, "பாவம், நல்ல மனுஷன், பாலத்தைப் பத்தி மட்டும்தான் அளப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா அதை என்னிடம் சொன்னபோது கொடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பலகையில என்ன வேணா எழுதிக்கோ தம்பி. எங்கப்பா பொய் சொன்னாரா இல்லையான்னு மட்டும் என்கிட்ட சொல்லிடு. எதுவா இருந்தாலும் சொல்லு. பூசி மெழுகாத."

சரி என்றேன். இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கக் கூடாது என்பது அடுத்த வாரமே தெரிந்தது.

பெயின்ட் அடிக்கிறவர்கள் கிழக்கிலிருந்து சாரம் கட்டிச் சுரண்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களோடு நானும் ஏறினேன். மேற்கு முனையை அவர்கள் இன்னும் தொடவில்லை. பல அடுக்குப் பெயின்ட்டுக்குக் கீழே ஒவ்வொரு துண்டிலும் உளியால் கொத்திய குறி இருந்தது. ஒரு எண், அதன் பக்கத்தில் ஒரு புள்ளி அல்லது இரண்டு புள்ளி. எண்கள் கிழக்கில் பெரிதாகத் தொடங்கி மேற்கு நோக்கிக் குறைந்துகொண்டே போயின. குறிகள் சில இடங்களில் பழைய ரிவெட்டின் தடத்துக்கு மேலேயே கொத்தப்பட்டிருந்தன. அதாவது, ஒருமுறை பூட்டி முடித்த பாலத்தைக் கழற்றும்போது போட்ட குறி. ஒவ்வொரு சந்திப்பிலும் பட்டறை ரிவெட் ஒரு ரகம், பிறகு அடித்தது வேறு ரகம். துளைகளோ எல்லாம் ஒரே அச்சு, இயந்திரம் போட்டவை. சந்தேகத்துக்கு இடமில்லை. பாலம் பழையது. மேற்குக் கரை சொன்னதுதான் சரி.

மதியம், அக்காவின் வீட்டுக்காரர் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அக்காவிடம் சொன்னேன்.

"வேற இடத்துல இருந்து கழற்றிக் கொண்டுவந்தது அக்கா."

"ம்."

"உங்கப்பா இங்க பூட்டியிருக்கார். ரிவெட் அடிச்சிருக்கார். அது நிச்சயம்."

"துளை?"

"துளையெல்லாம் பட்டறையில போட்டதுக்கா. நான் பார்த்த வரைக்கும்."

அவர் தலையசைத்தார். வண்டிகள் சேர்ந்துவிட்டன என்று எழுந்து போனார். மறுநாள் காலை நான் மேற்கு முனையில் நின்றிருந்தேன். அக்கா நடந்து வந்தார். கடைசித் தூண் வந்தது. கை எழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு கடந்து போனார்.

எதிர்க்கரை அண்ணன்கூட அதைக் கவனித்தார். "என்னப்பா, தூணுக்கு இன்னிக்கு ஆசீர்வாதம் இல்லையா?"

என் மனதை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. ஒற்றைப் புள்ளி எல்லாம் ஆற்று நீர் வரும் பக்கம், இரட்டைப் புள்ளி எல்லாம் நீர் போகும் பக்கம் இருந்தன. அதில் தவறில்லை. ஒன்று இடம், ஒன்று வலம். ஆனால் எண்கள் குறைந்துகொண்டே போகும் கணக்கில், எண் ஒன்று மேற்கு முனையில்தான் வரும். குறி போட்டவர் ஒன்றாம் எண் முனையில் நின்றுதான் இடம் வலம் பார்த்திருப்பார். அங்கே நின்று பார்த்தால் ஒற்றைப் புள்ளி வலப்பக்கம் இருக்கிறது. யாராவது இடம் என்பதற்கு இரண்டு புள்ளி போடுவார்களா? அல்லது பூட்டியவர்கள் மறுமுனையில் நின்று பார்த்தார்களா?

"அண்ணே, இரும்பு எந்தக் கரையில வந்து இறங்குச்சு?"

அவர் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். "எங்க கரையில. அணைக்கட்டு எழும்புச்சே, அந்தப் பக்கத்துல இருந்து லாரி லாரியா. எங்கப்பா படகுக்காரர், கண்ணால பார்த்தவர். இங்கேருந்தே பூட்ட ஆரம்பிச்சிருக்கலாம். துரைங்க விட்டாங்களா? பூட்டுற ஆளுங்க மொத்தமும் அந்தக் கரை. இங்க வேலை நடந்தா மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாதாம். அதுக்காக அத்தனை இரும்பையும் எங்கப்பா படகுல அந்தக் கரைக்கு ஏத்தி அனுப்பி, அங்கேருந்து ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டுக்காகப் பாலத்தையே திருப்பிப் போட்ட ஜனம்ப்பா அது."

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் நோட்டைத் திறந்து புள்ளிகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

மேற்கில் தொடங்கியிருந்தால் ஒற்றைப் புள்ளி இடப்பக்கம் சரியாக வந்திருக்கும். இவர்கள் கிழக்கில் நின்று, கடைசி எண்ணிலிருந்து தொடங்கி, ஒற்றைப் புள்ளியைத் தங்கள் இடப்பக்கம் வைத்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் எதிரே நின்றால் இடம் வலம் மாறும் இல்லையா, அவ்வளவுதான். இரண்டு பக்கத் துண்டுகளும் ஒரே மாதிரி இருந்ததால் நடு ஆறு தாண்டும்வரை யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் மேற்கு முனை சாய்வானது. அங்கே ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் குட்டை இருக்க வேண்டிய இடத்தில் நெட்டை வந்து நின்றிருக்கும். கடைசித் துண்டுகளை மட்டும் பக்கம் மாற்றிப் போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டால் அடுத்த கட்டத்துத் தகடுகளோடு துளை சேராது.

துளை சேராவிட்டால்?

சாரம் மேற்கு முனைக்கு வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. பெயின்ட்காரர்கள் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். கடைசிச் சந்திப்பின் ஆற்றுப் பக்கத்தைச் சுரண்டினேன். இயந்திரம் போட்ட அழகான பழைய துளைகள் பயனில்லாமல், பெயின்ட் அடைத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், விரல்நகம் அளவு விலகி, வேறு துளைகள். வட்டம் சரியில்லாத, ஓரம் கரடான, ஒன்றுக்கொன்று நேர்க்கோட்டில் நிற்காத துளைகள். கையால் போட்டவை. கீழே ஆறு, பாதி தொங்கும் பாலம், தலைக்கு மேல் மழைக்காலம் என்று நின்றுகொண்டு, தடித்த இரும்பை ஒரு மனிதன் கையால் குடைந்திருக்கிறான். குடைந்த அத்தனையும் இத்தனை வருடம் இத்தனை லாரிகளைத் தாங்கியிருக்கிறது.

மேலே ஏறி, இது எந்தத் தூண் என்று பார்க்கச் சாலைப் பக்கம் வந்தேன். பெயின்ட் தேய்ந்து பளபளத்தது.

அன்றே அக்காவிடம் ஓடவில்லை. பூசி மெழுகாதே என்றவரிடம் பாதி உறுதியோடு போகக் கூடாது. பொறியாளர் அம்மாவிடம் அனுமதி வாங்கி அணைக்கட்டுக்குப் போனேன். கோடையில் நீர் வடிந்து, முன்பு பாலம் இருந்த கல்கட்டுகள் சேற்றிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்தன. அணை நீரில் மூழ்கப்போகிறது என்றுதான் அங்கிருந்து பாலத்தைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டு முனைக் கல்கட்டுகளில் ஒன்று நேர். ஒன்று சாய்வு. நாடாவைப் பிடித்து அளந்தேன். சாய்வும் நீளமும் எங்கள் பாலத்தோடு பொருந்தின. சேற்றில் முழங்கால்வரை நின்றுகொண்டு, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த மறுநாள் மதியம், சாப்பாட்டுப் பாத்திரம் திறப்பதற்கு முன்பே அக்காவைப் பிடித்தேன். தரையில் குச்சியால் பாலத்தை வரைந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுக்காகக் கரை மாற்றியது, இடம் வலம் மாறியது, கடைசித் தூணில் துளை சேராதது.

"உங்கப்பா புதுப் பாலம்னு எப்பவாவது சொன்னாராக்கா?"

அக்கா யோசித்தார். அவர் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "மாமா அப்படிச் சொன்னதில்ல. துளை போட்டேன்னுதான் சொல்வார். புதுசுங்கிறது நம்ம ஊர்க்காரங்க சேர்த்தது."

"தப்பாப் பூட்டிட்டோம்னு வெளிய சொல்ல முடியுமா? மேஸ்திரி எல்லார் வாயையும் அடைச்சிருப்பார்" என்றேன். "அவர் சொன்னது அத்தனையும் உண்மைக்கா. எதனாலங்கிறதை மட்டும்தான் சொல்லல."

அக்கா வெகுநேரம் தரையில் வரைந்த கோட்டையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணும் வழிந்தது.

"எங்கப்பாவுக்குச் சோறு ஆறிப்போனா பிடிக்காது தம்பி. அம்மாவைப் படுத்தி எடுப்பார். அந்த மனுஷன் இதைச் செஞ்சிருப்பார். சத்தியமா செஞ்சிருப்பார்."

அவர் வீட்டுக்காரர் பாத்திரத்தைத் திறந்து எனக்கும் ஒரு தட்டு வைத்தார். "சூடா இருக்கும்போதே சாப்பிடு தம்பி. பாலமே இதுக்காகத் திரும்பி நிக்குது."

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். பொறியாளர் அம்மா படித்துவிட்டு ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினார். "மதியச் சாப்பாடுன்னு பலகையில போட முடியாதுப்பா." அதனால் பலகையில் இப்படித்தான் இருக்கிறது: வேறோர் ஆற்றில் நின்ற பாலம், அணையில் மூழ்காமல் கழற்றப்பட்டு, மேற்குக் கரையில் வந்திறங்கி, கிழக்குக் கரைத் தொழிலாளர்களால் பூட்டப்பட்டது. மேற்கு முனைச் சந்திப்பின் துளைகள் இங்கேயே கையால் போடப்பட்டவை. இரண்டு மன்றமும் ஒப்புக்கொண்டன. ஒவ்வொரு கரையும் தன் வாக்கியத்தை மட்டும் சத்தமாக வாசித்துக்கொண்டது வேறு விஷயம்.

புதுப் பாலம் திறந்த அன்று இரும்புப் பாலத்தில் கடைசி வண்டியாக இளைய மகளின் பேருந்து போனது. அக்கா அதனிடம் கட்டையைக் கொடுக்கவில்லை. "நீ போ" என்று அனுப்பிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நடந்து கொண்டுபோய் எதிர்க்கரை அண்ணன்கிட்ட கொடு தம்பி. சேதி ஒண்ணு. இரும்பு உங்க கரையிலதான் இறங்குச்சு, அது பழைய இரும்புதான்னு சொல்லு. இனிமே அதைப் பத்திப் பேச்சு வேண்டாம்னு சொல்லு."

படித்து முடித்து எத்தனையோ சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன். அந்தக் கட்டையைக் கையில் வாங்கியபோது இருந்த கனம் எதிலும் இல்லை. நடந்து போய் அண்ணனிடம் கொடுத்தேன். சேதியைச் சொன்னேன். அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேலிக்கு வாய் திறந்தார், மூடிக்கொண்டார்.

"அவங்கப்பா போட்ட துளை இத்தனை வருஷமா ஒண்ணுகூட அசையலன்னு சொல்லு. எங்கப்பாவும் அதைப் பார்த்திருப்பார், சொல்லாம விட்டுட்டார்னு சொல்லு." கட்டையைத் திரும்ப என் கையில் வைத்தார். "இது அவங்ககிட்டயே இருக்கட்டும்."

திரும்பும்போது கிழக்கிலிருந்து அக்காவும் நடந்து வந்துகொண்டிருந்தார். மாலைக் கையெழுத்துப் போட வேண்டுமே. நடுப்பாலத்தில் கட்டையையும் சேதியையும் கொடுத்தேன். வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மேலே நடந்தார். நான் அங்கேயே நின்று பார்த்தேன். கடைசித் தூணில் அவர் கை எழுந்தது. தட்டிய சத்தம் பாலம் முழுக்க ஓடி என் காலடிவரை வந்தது.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் போட்டேன். என்னப்பா, பாலம் எங்கேருந்து வந்ததாம் என்றார். முழுவதும் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த அம்மா இப்ப நிம்மதியா இருக்காங்களா?"

"இருக்காங்கப்பா."

"அப்ப படிச்சது வீண் போகல" என்றார்.